புலம்பெயர்ந்தோர் கழகங்கள் வீரர்களை உருவாக்கியது எப்படி?

மேற்கு சிட்னியில் வசிக்கும் தகப்பனாராக நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். குரோஷியர், இத்தாலியர், கிரேக்கர் நடத்திய கழகங்களே அவுஸ்திரேலியாவின் சிறந்த உதைபந்தாட்ட வீரர்களை உருவாக்கின என்கிறார்களே, அது உண்மையா வெறும் இனப் பெருமையா என்பது ஒன்று. பதினொரு வயது மகனை அப்படியான கழகம் ஒன்றில் சேர்ப்பதா, அல்லது நாங்கள் தமிழர்களே ஒன்றைத் தொடங்குவதா என்பது மற்றது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: ஒரே மொழி பேசுகிறவர்கள் கூடி அமைத்த கழகத்தால், மற்றவற்றால் முடியாத எது முடிந்தது? நான் யாழ்ப்பாணத்தில் விளையாடி வளர்ந்து, இங்கு வந்தபின் பல ஆண்டுகளாக இளையோர் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்து வருபவன். என் கண்ணால் கண்டது மேற்கு சிட்னி மட்டுமே. மெல்பேர்ன், அடிலெய்ட் பற்றிச் சொல்வது பதிவுகளில் இருப்பதும் அங்குள்ள பயிற்றுநர்கள் வாயிலாக அறிந்ததும். அந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், யாரும் மறுக்க முடியாத விடயம். 2006 உலகக் கிண்ணத்தில் ஜூன் 22 அன்று ஸ்டுட்கார்ட் நகரில் அவுஸ்திரேலியாவும் குரோஷியாவும் மோதி 2-2 எனச் சமநிலையில் முடித்தன. அவுஸ்திரேலியக் குழாமில் மார்க் விதூக்கா, ஜோசிப் ஸ்கோக்கோ, டோனி போப்போவிச், ஜெல்ஜ்கோ கலாச், ஜேசன் குலினா, ஆன்டே சோவிச் என்று குரோஷியப் பூர்வீகம் கொண்டவர்கள் நிறைந்திருந்தார்கள். எதிரணியிலோ கன்பெராவில் பிறந்த ஜோசிப் ஷிமூனிச், சிட்னியில் பிறந்த ஆன்டனி ஷெரிச், ஜீலோங் நகரில் பிறந்த ஜோயி டிடுலிச்சா ஆகியோர் இருந்தார்கள். மத்தியஸ்தர் கிரஹாம் போல் ஒரே வீரருக்கு மூன்று மஞ்சள் அட்டைகள் காட்டிய ஆட்டம் அது. அந்த வீரர் ஷிமூனிச். பதினையாயிரம் கிலோமீற்றர் அளவுக்கு அப்பால் குடியேறிய ஒரு சிறிய சமூகம், ஓர் உலகக் கிண்ண ஆட்டத்தின் இரு பக்கத்துக்கும் ஆள் கொடுத்திருக்கிறது. இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

ஆனால் இதைவிட முக்கியமான சான்று வேறொன்று என்பேன். குரோஷியர் கழகத்தில் குரோஷியப் பிள்ளை வளர்ந்தான் என்பதில் வியப்பில்லை. மார்க்கோனி இத்தாலியர் கழகம். அங்கே வளர்ந்த மார்க் ஷ்வார்ட்ஸரின் பெற்றோர் ஜெர்மனியர், ஹரி கியூவெலின் தகப்பனார் ஆங்கிலேயர். டிம் காஹிலின் தாயார் சமோவாக்காரர். அவர் விளையாடிய கழகங்களில் கிரேக்கரின் சிட்னி ஒலிம்பிக்கும் குரோஷியரின் சிட்னி யுனைட்டெட்டும் அடங்கும். இன்னும் பின்னோக்கிப் போனால் சார்ள்ஸ் பெர்கின்ஸ் வருகிறார். தங்கள் மண்ணிலேயே முழு உரிமை மறுக்கப்பட்ட பூர்வகுடி மக்களில் ஒருவர். அவரை அணித்தலைவராகவும் பயிற்றுநராகவும் ஏற்றவை அடிலெய்டில் குரோஷியர் கழகமும் சிட்னியில் பான்-ஹெலனிக் என்ற கிரேக்கர் கழகமும். உதைபந்தாட்டத்தில் கிடைத்த பணம் அவருடைய சிட்னிப் பல்கலைக்கழகப் படிப்புக்கு உதவியது. அவருடைய தோழர் ஜோன் மோரியாட்டி 1960இல் தேசிய அணிக்குத் தெரிவானார். ஆனால் அந்த வேளையில் ஃபீஃபா அவுஸ்திரேலியாவை இடைநிறுத்தியதால் ஆட முடியாமல் போனது. ஆகவே "இனக் கழகம்" என்று ஒதுக்கிப் பேசப்பட்டவை பல வேளைகளில் வெளியார் நுழையக்கூடிய ஒரே வாசலாக இருந்தன. எல்லாக் கழகங்களும் அப்படி இருந்தன என்று சொல்லவில்லை.

அந்த இடைநிறுத்தத்துக்கும் இந்தக் கழகங்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். தொழிற்சாலைகளில் வேலை கிடைத்தது; ஆனால் சொந்த மொழியை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே அன்றைய அரசின் போக்கு. உள்ளூர் மக்களுக்கு ரக்பியும் கிரிக்கெட்டும் அவுஸ்திரேலிய விதி ஆட்டமும் போதுமானதாக இருந்தன. உதைபந்தாட்டத்தை நடத்திய பழைய பிரித்தானியச் சங்கங்களில் புதியவர்களுக்கு இடம் குறைவு. எனவே தங்களுக்கென்று அமைத்துக்கொண்டார்கள். மெல்பேர்ன் குரோஷியா 1953இல், ஹங்கேரியரின் சென் ஜோர்ஜ் புடாபெஸ்ட் 1957இல், சிட்னி குரோஷியா 1958இல், சவுத் மெல்பேர்ன் ஹெல்லாஸ் 1959இல் தோன்றின. யூதர்களின் ஹக்கோவா இவற்றுக்கெல்லாம் மூத்தது. 1957இல் நியூ சவுத் வேல்ஸில் இவர்கள் பழைய சங்கத்தை விட்டுப் பிரிந்து தனிக் கூட்டமைப்பு கண்டார்கள். வியன்னாவிலிருந்து லியோ பௌம்கார்ட்னர் போன்ற தேர்ந்த வீரர்களை, வீரரை விட்டுக்கொடுப்பதற்கான மாற்றுப் பணத்தை அங்குள்ள கழகங்களுக்குக் கொடுக்காமல் அழைத்து வந்தார்கள். 1960 முதல் 1963 வரை நாடே ஃபீஃபாவுக்கு வெளியே நிற்க நேர்ந்தது இதனால்தான். செய்தது பிழை. ஆனால் அதன் பலனை மைதான ஓரத்தில் நின்ற சிறுவன் அனுபவித்தான்: மத்திய ஐரோப்பாவின் ஆட்டத்தை வாராவாரம் பத்து அடி தூரத்தில் பார்த்தான்.

1974இல் முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்குப் போன அணியை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்றுநர் ராலே ராஷிச் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர். ஜோனி வொரன், பால் விநியோகித்துப் பிழைத்த மான்ஃப்ரெட் ஷேஃபர், ஹங்கேரியில் பிறந்த அட்டிலா அபோனி, உலகக் கிண்ணத்தில் ஆடிய முதல் அவுஸ்திரேலியப் பூர்வகுடி வீரரான ஹரி வில்லியம்ஸ் ஆகிய நால்வரும் சென் ஜோர்ஜ் புடாபெஸ்ட் கழகத்துக்கு ஆடியவர்கள். பயிற்றுநர்களை உருவாக்கியதிலும் இந்தக் கழகங்களுக்குப் பங்கு உண்டு. ஹங்கேரியின் ஃபெரென்ஸ் புஷ்காஷ், உலகம் கண்ட மிகச் சிறந்த முன்கள வீரர்களில் ஒருவர், 1989 முதல் 1992 வரை மெல்பேர்னில் கிரேக்கர் கழகத்துக்குப் பயிற்சி அளித்தார். அவருக்கு ஆங்கிலம் சரியாக வராது. ஏதென்ஸின் பனத்தினைகோஸ் கழகத்தில் இருந்ததால் கிரேக்கம் தெரியும். அவருக்குச் சாரதியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தவர் அணித்தலைவர், ஐந்து வயதில் கிரேக்கத்திலிருந்து வந்த ஏஞ்ச் பொஸ்டெகோக்லு. பின்னர் அவர் 2015இல் அவுஸ்திரேலியாவுக்கு ஆசியக் கிண்ணத்தையும் 2025இல் இங்கிலாந்தின் டொட்டன்ஹாமுக்கு யூரோப்பா லீக் கிண்ணத்தையும் வென்று கொடுத்தார். எந்தப் பயிற்றுநர் சான்றிதழ் வகுப்பிலும் கிடைக்காத பாடம் அந்தக் காருக்குள் நடந்தது. அதற்கு வழி செய்தது மொழி. இந்த ஓர் இடத்தில் இனம் நேரடியாகவே உதவியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மற்ற இடங்களிலெல்லாம் வேலை செய்தது நிலமும் பணமும் ஏணியும். இதுதான் உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான விடயம், பலர் கவனிக்காததும்கூட. நியூ சவுத் வேல்ஸில் 1956இல் பதிவுபெற்ற கழகங்கள் சூதாட்ட இயந்திரங்கள் வைத்திருக்கச் சட்டம் இடங்கொடுத்தது. பொஸ்லி பார்க்கில் இருக்கும் மார்க்கோனி கழகத்துக்குப் போனால் புரியும்: உணவகம், கலியாண மண்டபம், மதுச்சாலை, இயந்திரங்கள், பின்னால் மைதானம். முன்கட்டடத்தில் வரும் வருமானம் பின்மைதானத்தில் பந்து உதைக்கும் பிள்ளைகளுக்குப் போனது. (சூதில் தோற்ற குடும்பங்களின் பணமும் அதில் இருக்கிறது என்ற உறுத்தல் எனக்கு எப்போதும் உண்டு.) இயந்திர வருமானம் இல்லாத இடங்களில் உடலுழைப்பு இருந்தது. கட்டட வேலை செய்த குடியேறிகள் வார இறுதிகளில் கூலியில்லாமல் கொங்கிறீட் போட்டு அரங்கு எழுப்பினார்கள். மெல்பேர்ன் குரோஷியாவின் பிற்காலப் பெயர் நைட்ஸ். சன்ஷைன் நோர்த் பகுதியில் இருக்கும் நைட்ஸ் மைதானத்தில் விதூக்காவின் பெயரில் ஓர் அரங்கு நிற்கிறது. அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியபோது கிடைத்த பணத்தில் கட்டியது. வளர்த்த பிள்ளை கழகத்துக்குத் திருப்பிக் கொடுத்தது கட்டடமாக நிற்கிறது, அடுத்த பிள்ளை அதைப் பார்த்தபடியே பயிற்சிக்கு வருகிறது.

ஏணி என்று சொன்னேன். ஏழு வயதுப் பிள்ளை ஆடுவதும் நாட்டின் உயர்மட்ட அணி ஆடுவதும் ஒரே கழகத்தில், ஒரே நிறச் சட்டையில், பெரும்பாலும் ஒரே மண்ணில். 1977இல் தொடங்கி 2004 வரை நடந்த தேசிய லீக்கில் இந்தக் கழகங்கள்தான் மையம். 1990-91 இறுதியாட்டம் கிரேக்கருக்கும் குரோஷியருக்கும் இடையில் நடந்து, பெனால்டி உதைகளில் சவுத் மெல்பேர்ன் வென்றது. கழகத்திடம் பணம் கொட்டிக் கிடக்கவில்லை; அதனால் பதினெட்டு வயதுப் பையனைத் துணிந்து முதல் அணியில் இறக்கினார்கள். விதூக்கா இருபது வயதை எட்டுவதற்கு முன்பே அந்த லீக்கில் இரு பருவங்கள் அதிக கோல்கள் அடித்தவர். வளர்ந்த ஆண்களின் முழங்கையை வாங்கிக்கொண்டு, ஐயாயிரம் பேர் கத்தும்போது ஆடிப் பழகிய பையன் ஐரோப்பாவில் இறங்கியபோது மிரளவில்லை. அதோடு உறவுப் பாலமும் இருந்தது. 1995இல் விதூக்கா குரோஷியாவின் சாக்ரெப் நகருக்கும், நோர்த் ஜீலோங் கழகத்தில் வளர்ந்த ஸ்கோக்கோ அந்நாட்டின் ஹைதுக் ஸ்பிலிட் கழகத்துக்கும் போனார்கள். மொழி தெரியும், உறவினர் உண்டு, கடவுச்சீட்டுச் சிக்கல் குறைவு. பத்தொன்பது வயதில் தனியாக லண்டன் போய்த் திரும்பி வந்த திறமைசாலிகளை நான் அறிவேன்; அவர்களுக்கு இல்லாமற் போனது பெரும்பாலும் இதுதான்.

இனிச் சந்தேகத்துக்குரியவை. "இந்தக் கழகங்கள் மட்டுமே அந்தத் தலைமுறையை உருவாக்கின" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். 1981 முதல் கன்பெராவில் அவுஸ்திரேலிய விளையாட்டு நிறுவகம் இளைஞர்களைத் தெரிந்தெடுத்துத் தங்கவைத்து, அரசு செலவில் நாள்தோறும் பயிற்சி அளித்தது. விதூக்கா, ஸ்கோக்கோ, பிரெஷியானோ, அலோசி, ஷிமூனிச் எல்லோருமே அதன் வழியாக வந்தவர்கள். 2005 நவம்பர் 16 அன்று உருகுவேக்கு எதிரான கடைசிப் பெனால்டியை அடித்து, மீண்டும் உலகக் கிண்ணத்துக்குப் போவதற்கான முப்பத்திரண்டு ஆண்டுக் காத்திருப்பை முடித்த ஜோன் அலோசியை, அடிலெய்ட் சிற்றி என்ற இத்தாலியர் கழகம் தன் பிள்ளை என்கிறது. கன்பெராவும் தன் பிள்ளை என்கிறது. இருவரும் சொல்வது உண்மை. பங்கைப் பிரித்து அளந்து காட்ட யாராலும் முடியாது. என் கணிப்பைக் கேட்டால், பன்னிரண்டு வயதுக்குள் பந்தின்மேல் ஆசையை ஊட்டியதும் பதினெட்டில் முதல் அணியில் இடம் கொடுத்ததும் கழகங்கள். இடையில் ஓரிரு ஆண்டுகள் செதுக்கியது நிறுவகம். வீட்டுக்கு வீடு உதைபந்தாட்டம் பேசிய குடும்பங்களில் பிறந்ததும் ஒரு காரணம்தான். அந்தப் பையன்கள் வேறு எந்தக் கழகத்தில் சேர்ந்திருந்தாலும் ஓரளவு முன்னேறியிருப்பார்கள்.

கழகங்களின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஊர்ச் சண்டைகள் கப்பலில் கூடவே வந்தன. 1972இல் யூகோஸ்லாவியச் சார்பான ஜஸ்ட் அணியுடனான ஆட்டத்தில் ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்து நடத்திய கலவரத்துக்காக மெல்பேர்ன் குரோஷியா மாநில லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. 2022 அவுஸ்திரேலியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிட்னி யுனைட்டெட் ரசிகர்கள் சிலர் நாசி வணக்கம் காட்டினார்கள். பூர்வகுடி மக்களின் வரவேற்புச் சடங்கின்போது பாட்டுப் பாடிக் குழப்பினார்கள். பெர்கின்ஸை அணைத்த அதே சமூகத்தின் கழகம். பெண் பிள்ளைகளுக்கும் இந்தக் கழகங்கள் நெடுங்காலம் அதிகம் செய்யவில்லை. மேலே நான் எழுதிய பெயர்களில் ஒரு பெண்கூட இல்லை என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

இந்தக் குறைகளைக் காட்டியே நாட்டின் உதைபந்தாட்ட நிர்வாகம் 1990களில் இனப் பெயர்களையும் சின்னங்களையும் அகற்றச் சொன்னது. அந்த நிர்வாகத்தை ஆராய்ந்து 2003இல் வெளிவந்த குரோஃபோர்ட் அறிக்கையைத் தொடர்ந்து பழைய லீக் மூடப்பட்டு 2005இல் ஏ-லீக் தொடங்கியது. இனத் தொடர்பற்ற, தனியார் முதலீட்டில் இயங்கும் புதிய அணிகள். தரமிறக்கம் கிடையாது, மேலேறும் வழியும் கிடையாது. 2014இல் புதிதாக இன அடையாளம் வைத்துக்கொள்ளத் தடை வந்து, 2019இல் விலக்கப்பட்டது. கலவரத்தை அடக்குவது நியாயம். ஏணியின் மேற்படியை அறுத்தது நியாயமில்லை என்பது என் கருத்து. மார்க்கோனியில் பதினாறு வயதில் மிளிரும் பையன் இன்று ஏ-லீக் கழகத்தின் இளையோர் அணிக்குப் போய்விடுகிறான். அங்கே முதல் அணியில் இடம் கிடைக்கக் காத்திருக்கிறான். முதல் அணிக்கு வருவாயும் கூட்டமும் குறைந்ததால் செலவைப் பெற்றோர்மேல் போட்டுவிட்டன பழைய கழகங்கள். போட்டித்தர இளையோர் அணிகளில் ஆண்டுக் கட்டணம் இரண்டாயிரம் டொலரைத் தாண்டுவது இப்போது சாதாரணம். ஒரு தொழிலாளியின் பிள்ளை கிட்டத்தட்ட இலவசமாக வளர்ந்த இடம் இது. "அதனால்தான் இன்னொரு விதூக்கா வரவில்லை" என்பவர்களோடு நான் பாதிதான் உடன்படுவேன். உலகெங்கும் போட்டி கூடிவிட்டது. கன்பெராவின் உதைபந்தாட்டத் திட்டமும் 2017இல் முடிந்தது. அப்படியிருந்தும் 2022 உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியா கடைசிப் பதினாறுக்குள் வந்தது.

கழகங்களின் வேலை முடிந்துவிடவுமில்லை. தான்சானியாவின் அகதி முகாமில் புருண்டிப் பெற்றோருக்குப் பிறந்த நெஸ்டரி இரான்குண்டா அடிலெய்டில் ஆடிய கழகங்களில் ஒன்று குரோஷியரின் ரெய்டர்ஸ். கென்யாவின் ககுமா முகாமில் பிறந்த அவெர் மபில், இத்தாலியர் தொடங்கிய கேம்பல்டவுன் சிற்றியில் ஆடி அடிலெய்ட் யுனைட்டெட்டுக்குப் போனவர். முன்னால் வந்தவர்கள் கட்டிவைத்த மைதானத்தில் பின்னால் வந்தவர்களின் பிள்ளைகள் வளர்கிறார்கள். 2025இல் தொடங்கிய தேசிய இரண்டாம் மட்டப் போட்டியில் சவுத் மெல்பேர்ன், மார்க்கோனி, சிட்னி யுனைட்டெட் போன்ற பெயர்கள் திரும்பி வந்திருக்கின்றன. அது ஏணியின் அறுந்த படியைச் சரிசெய்யுமா என்று சொல்ல இன்னும் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

தமிழர் கழகம் பற்றிக் கேட்டீர்கள். எங்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. குருநகர் பாடுமீன், நாவாந்துறை சென் மேரிஸ், ஊரெழு றோயல் என்று யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் கழகம் இருக்கிறது. ஊரின் மானமே அதில் இருக்கிறது. புலம்பெயர்ந்த நாடுகளிலும் ஊர்ப் பெயரிலும் பாடசாலைப் பழைய மாணவர் பெயரிலும் அணிகள் உண்டு. தமிழீழம் என்ற பெயரில் ஓர் அணி, ஃபீஃபாவில் இல்லாதவர்களுக்கான கொனிஃபா உலகக் கிண்ணத்தில் 2014இலும் 2018இலும் ஆடியிருக்கிறது. ஆனால் இங்கு நாம் நடத்துவதில் பெரும்பகுதி கோடையில் ஒருநாள் சுற்றுப்போட்டி: வளர்ந்தவர்கள் ஆடுவார்கள், கொத்துரொட்டி இருக்கும், கிண்ணம் கொடுப்பார்கள், அடுத்த ஆண்டு சந்திப்பார்கள். நல்ல விடயம்தான், நானும் போவேன். அதிலிருந்து வீரன் வரமாட்டான். குரோஷியர்கள் தங்களுக்குள் மட்டும் ஆடிக்கொண்டிருக்கவில்லை. மாநில லீக்கின் அடிமட்டத்தில் சேர்ந்து, தோற்று, மேலேறினார்கள். நீங்களும் நண்பர்களும் உண்மையிலேயே தொடங்குவதானால், மாவட்டச் சங்கத்தில் பதிந்து எட்டு வயதுக்குட்பட்டோர் அணி ஒன்றுடன் தொடங்குங்கள். தமிழ்ப் பிள்ளை அல்லாதவர்களும் சேரட்டும். மாநகர சபையிடம் நிரந்தரமாக ஒரு மைதானம் கேட்டுப் பெறுவதுதான் முதல் பத்து ஆண்டுகளின் வேலை. பதிவும் ஆவணமும் ஒழுங்காக இருக்கட்டும்: ஒரு வீரர் நாடு விட்டு நாடு விலைக்குப் போகும்போது, பன்னிரண்டு முதல் இருபத்துமூன்று வயது வரை அவரை வளர்த்த கழகங்களுக்கு அந்தத் தொகையில் ஐந்து வீதத்தைப் பங்கிட வேண்டும் என்பது ஃபீஃபா விதி. எந்த ஆண்டில் எங்கே ஆடினார் என்று காட்டப் பதிவு இல்லாத கழகத்துக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

உங்கள் மகனுக்கு அவ்வளவு காலம் இல்லை. பதினொரு வயது இப்போது. அவரை அருகிலுள்ள பழைய கழகம் ஒன்றில் சேர்ப்பதில் எனக்குத் தயக்கமில்லை. குடும்பப் பெயரைப் பார்த்து ஒதுக்குவார்களோ என்ற உங்கள் அச்சத்துக்கு: ஒரு காலத்தில் சில இடங்களில் நடந்தது, இன்று நான் பார்க்கும் அணிகளில் ஆபிரிக்க, ஈராக்கிய, வியட்நாமியப் பிள்ளைகள் கலந்தே நிற்கிறார்கள். சேர்ப்பதற்கு முன் முதல் அணி ஆடும் நாளில் மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். களமிறங்கும் பதினொருவரில் எத்தனை பேர் அந்தக் கழகத்தின் இளையோர் அணியிலிருந்தே வந்தவர்கள் என்று அங்குள்ள முதியவர் ஒருவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்காது. நான்கைந்து பெயர் சொன்னால் சேருங்கள். ஒருவருமில்லை, எல்லோரும் வெளியிலிருந்து வாங்கியவர்கள் என்றால், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு கழகம் பாருங்கள். பிறகு, அவருடைய வயதுப் பிரிவுக்குப் பயிற்சி கொடுப்பவர் யார், அவரிடம் சான்றிதழ் உண்டா, வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி, கட்டணத்தைத் தவணையில் செலுத்தலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெரிவு ஆட்டங்கள் பருவம் முடிந்ததும், வசந்த காலத்தில், பெரும்பாலும் நடக்கும். கழகத்தின் இணையப் பக்கத்தில் திகதி போடுவார்கள்.